யாரு? என்ன வேணும்?

முன்பின் தெரியாத ஓர் ஆளை எத்தனை விநாடி பார்க்கலாம்?

சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன். ஒரு விநாடி பார்த்தால் ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று விநாடி பார்த்தால், 'இவரை நமக்குத் தெரியுமோ?' என்று எதிரே இருப்பவரே யோசிக்க ஆரம்பிப்பார். ஐந்தைத் தாண்டினால், சட்டைப் பொத்தான் ஏதும் கழன்றிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்வார். பத்து விநாடி பார்த்தால், அதுவும் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு பெண்ணாக இருந்தால், அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தக் கணக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆனால், சட்டத்துக்குள் வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2022-ல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது, பஸ்ஸில் பெண்களை முறைத்துப் பார்ப்பதையும் விசிலடிப்பது, கண்ணடிப்பதோடு சேர்த்துக் குற்றமாக்கியது. அப்படிச் செய்கிற ஆளைக் கண்டக்டர் கீழே இறக்கிவிடலாம், போலீஸில் ஒப்படைக்கலாம். 'பார்த்தாக்கூடவா சார் குத்தம்?' என்று டீக்கடையில் கேட்டவர்கள் உண்டு. குற்றம்தான், பார்க்கிற விதத்தைப் பொறுத்து. அந்த 'விதம்' என்பது என்ன? இந்த வாரம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

நான் சேத்தியாத்தோப்புக்காரன். இந்த ஊரைப் பலரும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். பண்ருட்டி, வடலூர் வழியாகக் கும்பகோணம் போகும் சாலையும், சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் போகும் சாலையும் எங்கள் ஊரில்தான் குறுக்கே வந்து சேரும். வீராணம் ஏரித் தண்ணீர் 2004-லிருந்து இந்தப் பக்கத்தில்தான் குழாயில் ஏறிச் சென்னைக்குப் போகிறது. தண்ணீர் போகிற வழி இருக்கிறதே தவிர, ரயில் கிடையாது. ரயிலேற வேண்டும் என்றால் சிதம்பரத்துக்கோ விருத்தாசலத்துக்கோ பஸ் பிடிக்க வேண்டும். அதனால், எங்கள் ஊரில் ஒரு பிள்ளை மனிதர்களை வேடிக்கை பார்க்கக் கற்றுக்கொள்வது பஸ்ஸில்தான்.

அந்த பஸ்ஸில் யாரும் யாரையும் சும்மா பார்ப்பதில்லை. பார்த்த மறு நிமிஷம் கேட்டுவிடுவார்கள். "எந்த ஊரு தம்பி?" "யாரு மவன் நீ?" "கையில என்ன, ஆஸ்பத்திரிச் சீட்டா? யாருக்கு ஒடம்பு சரியில்ல?" சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் உங்கள் அப்பாவின் வேலை, அக்காவுக்கு வரன் பார்க்கிற விவரம், இந்த வருஷம் நெல் எத்தனை மூட்டை கண்டது என்பதெல்லாம் பக்கத்து சீட்டு ஆயாவுக்குத் தெரிந்துவிடும். பதிலுக்கு, அவருடைய மருமகளைப் பற்றி நீங்கள் ஒரு புத்தகமே எழுதலாம்.

இப்படி வளர்ந்தவனை சிங்கப்பூர் எம்.ஆர்.டி. ரயிலில் ஏற்றிவிட்டால் எப்படி இருக்கும்?

1987 நவம்பர் 7-ம் தேதி ஐந்தே ஸ்டேஷன்களோடு ஓட ஆரம்பித்த ரயில் அது. இன்றைக்குத் தீவு முழுக்க ஓடுகிறது. அங்கே நான் வேலை பார்த்த வருடங்களில், காலையில் ஜூரோங் ஈஸ்ட்டில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்குவேன். மூச்சு விட்டால் முன்னால் நிற்பவர் கழுத்தில் படும். அவ்வளவு கூட்டம். ஆனால், சத்தமே இருக்காது. சீனர், மலாய்க்காரர், தமிழர், பிலிப்பைன்ஸ்காரர், வங்கதேசத்துக்காரர் எல்லோரும் ஒரே பெட்டியில் வாய்மூடி நிற்பார்கள். பேசுவது அறிவிப்புக் குரல் மட்டும்தான். பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக் கவனித்து ஏறச் சொல்லி, நான்கு மொழிகளில் வரும். தமிழ் வரும்போது நம் ஊர் முகங்களில் லேசாக ஓர் அசைவு தெரியும். அத்தோடு சரி.

யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால், பார்க்காமல் இருப்பார்களா?

ஒரு பெண் மூன்று ஸ்டேஷனில் இரண்டு புருவத்தையும் எழுதி முடிப்பாள். வண்டி குலுங்கும், கோடு வளையாது. ராணுவ உடுப்பில் ஒரு பையன் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவான். அங்கே பிள்ளைகள் கட்டாயம் ராணுவத்தில் இருந்துவிட்டு வர வேண்டும். ஒரு பெரியவர் சிறு காகிதத்தில் நான்கு நான்கு எண்களாக எழுதிப் பார்த்துக்கொண்டிருப்பார். லாட்டரி. இரவு வேலை முடிந்த நர்ஸ் ஒருவர் தலை தொங்கத் தூங்குவார். தன் ஸ்டேஷன் வந்ததும் யாரோ தட்டி எழுப்பின மாதிரி சட்டென்று எழுந்து இறங்கிப் போவார். எனக்கு இது சினிமாவைவிடப் பிடித்திருந்தது. வெளிநாட்டில் தனியாக இருந்த எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பேச ஆள் இல்லாத ஊரில் பார்ப்பது ஒரு துணை.

ஜார்ஜ் சிம்மல் என்று ஜெர்மனியில் ஒரு சிந்தனையாளர் இருந்தார். பெர்லின்காரர். நூறு வருடங்களுக்கு முன்பே அவர் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஸ்ஸும் டிராமும் ரயிலும் வருவதற்கு முன்னால், மனிதர்கள் ஒருவரை ஒருவர் நிமிஷக்கணக்கில், மணிக்கணக்கில் ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் நிலைமையே வந்ததில்லை என்கிறார். யோசித்துப் பாருங்கள். எத்தனையோ ஆயிரம் வருடங்களாகப் பார்ப்பதும் பேசுவதும் சேர்ந்தே இருந்தன. பிரிந்தது சமீபத்தில்தான். சேத்தியாத்தோப்பு பஸ் இன்னும் பழைய உலகத்தில் ஓடுகிறது. எம்.ஆர்.டி. புது உலகத்தில் ஓடுகிறது.

சரி, எது நல்ல உலகம்?

'ஆஹா, நம்ம கிராமம்! நம்ம ஜனங்களின் பாசம்!' என்று நான் இங்கே உருக ஆரம்பிப்பேன் என்று எதிர்பார்த்தீர்களானால், கொஞ்சம் பொறுங்கள். "எந்த ஊரு?"க்கு அடுத்து "எந்தத் தெரு?" என்று ஒரு கேள்வி வரும். எங்கள் பக்கத்தில் அது விலாசம் விசாரிப்பது இல்லை. சாதி விசாரிப்பது. பதிலைப் பொறுத்து அந்த ஆயா உங்கள் பக்கம் நகர்ந்தும் உட்காரலாம், விலகியும் உட்காரலாம். இரவு பத்து மணி பஸ்ஸில் தனியாக ஏறுகிற பெண்ணிடம், "இந்நேரத்துக்கு எங்கேருந்து வர்றே?" என்று கேட்பதிலும் பாசம் பாதிதான். மீதி, கண்காணிப்பு.

சிங்கப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, எங்கள் மாவட்டத்துக்காரன்தான், ஒரு நாள் சொன்னான்: "அண்ணே, இந்த ரயில்ல எவனும் என்னை யாருன்னு கேக்கறதில்ல. அதுக்கே ஆயிரம் கும்பிடு போடலாம்." யாரும் கேட்காத அந்த முக்கால் மணி நேரம் அவனுக்குத் தனிமையாக இல்லை. விடுதலையாக இருந்தது. அவன் எந்தத் தெரு என்று நானும் கேட்டதில்லை.

ஆகவே, பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பது ஒரு நாகரிகம். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியல் அறிஞர் 1963-ல் இதற்கு ஒரு பெயரே வைத்தார். 'நீ இருப்பது எனக்குத் தெரியும்' என்கிற அளவுக்கு ஒரு பார்வை; உடனே கண்ணைத் திருப்பிக்கொள்வது. இதை அவர், எதிரே வண்டி வரும்போது ஹெட்லைட்டை இறக்கிக்கொள்வதற்கு ஒப்பிடுகிறார். ராத்திரியில் எங்கள் ரோட்டில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும். கண் கூசாமல் இருப்பது எதிரே வருகிறவரின் உரிமை.

ஆனால், வெளிச்சத்தை இறக்கிக்கொண்டாலும் மனசு சும்மா இருப்பதில்லை. அது கதை கட்டும். புருவம் எழுதும் பெண் யாரையோ பார்க்கப் போகிறாள். லாட்டரிப் பெரியவர் மகன் பணத்தைத் தொலைக்கிறார். இந்த ஆள் சரியில்லை, அந்த ஆள் பாவம். ஆதாரம் ஒன்றும் கிடையாது. ஒரு சட்டை, ஒரு செருப்பு, தோல் நிறம், கையில் இருக்கும் பை. இவை போதும், முழுத் தீர்ப்பே எழுதிவிடுவோம். கதை கட்டுவதில் என்ன தப்பு, யாருக்கு நஷ்டம் என்கிறீர்களா?

வாக்கர் எவான்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் போகிறவர்களைப் படம் எடுத்தார். கேமராவைக் கோட்டுக்குள் மறைத்துவைத்து, பொத்தான்களுக்கு நடுவே லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும்படி செய்து, எதிரே இருப்பவருக்குத் தெரியாமல் எடுத்த படங்கள். அற்புதமான முகங்கள். ஆனால், அவற்றை அவர் புத்தகமாகக் கொண்டுவந்தது 1966-ல். இருபத்தைந்து வருடம் கழித்து. அவ்வளவு தயக்கம் அவருக்கு இருந்தது. இன்றைக்கு அந்தத் தயக்கத்துக்கு இருபத்தைந்து விநாடிகூட ஆயுள் இல்லை. வாய் பிளந்து தூங்கும் ஓர் உழைப்பாளியை எதிர் சீட்டுக்காரர் போனில் படமெடுக்கிறார். அவர் அடுத்த ஸ்டேஷனில் கண் விழிப்பதற்குள் அந்தப் படத்தைப் பார்த்து ஆயிரம் பேர் சிரித்து முடித்துவிடுகிறார்கள்.

இதில் எல்லை எங்கே என்று கேட்டால், எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த ஆள் சட்டென்று நிமிர்ந்து உங்களைப் பார்த்தால், உங்களால் ஒரு சின்னப் புன்னகையோடு அதை எதிர்கொள்ள முடியுமா? முடியும் என்றால் பார்க்கலாம். போனை அவசரமாகக் கவிழ்க்க வேண்டியிருந்தால், அது திருட்டு.

கதை கட்டுவதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. அது பெரியது.

1969-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி. நியூயார்க் சுரங்க ரயிலில், நடுவில் நிற்காமல் ஏழரை நிமிஷம் ஓடுகிற ஒரு தூரத்தை எடுத்துக்கொண்டார்கள். வண்டி கிளம்பிச் சற்று நேரத்தில் ஓர் இளைஞன் தள்ளாடி விழுவான். எல்லாம் நடிப்பு. சில நாள் அவன் கையில் ஊன்றுகோல் இருக்கும். சில நாள் அதே இளைஞன் மேல் சாராய வாடை வீசும், கையில் காகிதத்தில் சுற்றிய பாட்டில் இருக்கும். ஊன்றுகோலோடு விழுந்த 65 முறையில் 62 முறை, யாரும் சொல்லாமலே பயணிகள் எழுந்துவந்து தூக்கினார்கள். பாட்டிலோடு விழுந்த 38 முறையில், அப்படித் தானாக உதவி வந்தது 19 முறைதான்.

கவனியுங்கள். விழுந்தவன் ஒருவன். ரயில் ஒன்று. தரை ஒன்று. மாறியது பயணிகளின் மனசுக்குள் ஓடிய கதை மட்டும்தான். 'ஐயோ பாவம், கால் முடியாதவன்' என்பது ஒரு கதை. 'குடிச்சிட்டு விழுறான், கெடக்கட்டும்' என்பது இன்னொரு கதை. நாம் பொழுதுபோக்காகக் கட்டுகிற கதைதான், ஆபத்து நேரத்தில் சீட்டை விட்டு எழுந்திருக்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2016 ஜூன் 24-ம் தேதி காலை, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த ஓர் இளம் பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். பிளாட்பாரத்தில் ஆட்கள் இருந்தார்கள். வெட்டியவன் ஓடிப்போனான். அந்தப் பெண்ணின் உடல் சுமார் இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்தது. அப்படிப் போட்டுவைத்ததைச் சென்னை உயர் நீதிமன்றமும் கண்டித்தது. 'எல்லாரும் பார்த்துக்கிட்டு நின்னாங்க' என்று ஊர் முழுக்கத் திட்டினோம்.

கத்திக்குக் குறுக்கே போய் நிற்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. என்னை நிற்கச் சொன்னால் நிற்பேனா என்று எனக்கே தெரியாது. அந்த இரண்டு மணி நேரத்தில் போலீஸ் செய்திருக்க வேண்டியது என்ன என்பதும் தனிக் கேள்வி. என்னை இன்றைக்கும் உறுத்துவது, கத்தி போன பிறகு கடந்த நேரம்தான்.

'ஜனங்களே இப்படித்தான் சார், கூட்டம் பெருசானா ஈரம் குறைஞ்சிடும்' என்று சொல்வது சுலபம். ஆனால், அது முழு உண்மை இல்லை. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களில் தெருக் கேமராக்களில் பதிவான 219 சண்டைகளை ஆராய்ந்து, 2019-ல் ஒரு குழு முடிவு சொன்னது. பத்தில் ஒன்பது சண்டைகளில், சுற்றி நின்றவர்களில் ஒருவராவது தலையிட்டிருக்கிறார். கூட்டம் அதிகமாக இருந்தால், யாராவது ஒருவர் முன்வருகிற வாய்ப்பும் அதிகமாகவே இருந்தது. கூட்டத்தில் ஈரம் இருக்கிறது. 'இது யாரு, நமக்கு என்ன?' என்கிற கேள்வி அதை மறித்துக்கொண்டு நிற்கிறது.

நான் சொல்லவந்தது இதுதான். ஓர் அந்நியரைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒன்று, 'நீ யாரு?' இன்னொன்று, 'உனக்கு என்ன வேணும்?' எங்கள் ஊர் பஸ் இரண்டையும் கேட்கிறது. முதல் கேள்வியால் காயப்படுத்திவிட்டு, இரண்டாவது கேள்வியால் மருந்து போடுகிறது. பெருநகரத்து ரயில் இரண்டையும் கேட்பதில்லை. காயமும் இல்லை, மருந்தும் இல்லை. முதல் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள்ள முடியாதா?

முடியும் என்று காட்டிய இடம் எங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் சாலையில் வடக்கே போனால் வந்துவிடும். வடலூர். வள்ளலார் 1867-ல் அங்கே தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. அங்கே இலை போடுமுன் ஊர் கேட்பதில்லை, தெரு கேட்பதில்லை. பசி இருக்கிறதா என்பது ஒன்றுதான் தகுதி. சாதி கேட்காமல் சோறு கொடுப்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் இல்லை.

இதையே வேறு வழியில் உலகம் இப்போது கற்றுக்கொண்டு வருகிறது. லண்டன் சுரங்க ரயிலில் கர்ப்பிணிகள் சட்டையில் குத்திக்கொள்ள 2005-லிருந்து ஒரு பேட்ஜ் தருகிறார்கள். வெளியே தெரியாத நோய் உள்ளவர்களுக்கு, 'எனக்கு இடம் கொடுங்கள்' என்று கேட்கும் பேட்ஜ் 2017-ல் வந்தது. டோக்கியோவில் 2012-லிருந்து பையில் தொங்கவிடும் சிவப்பு அடையாளம் ஒன்று இருக்கிறது. என்ன நோய், எத்தனை நாளாக, எந்த டாக்டர் என்று எதுவும் அதில் எழுதியிருக்காது. உதவி வேண்டும் என்று மட்டும் சொல்லும். யார் என்று கேட்காமலே, என்ன வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்கிற ஏற்பாடு.

பேட்ஜ் இல்லாமலும் நடக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எம்.ஆர்.டி.யில் ஒரு கட்டட வேலைக்காரர் ஏறினார். காலில் பூட்ஸ், பேன்ட் முழுக்க சிமென்ட். இரண்டு சீட் காலியாக இருந்தும் உட்காராமல் கதவோரம் நின்றார். பெட்டியில் எல்லோரும் பார்த்தோம். ஒரு சீனப் பாட்டி மட்டும், மடியில் காய்கறிப் பையோடு இருந்தவர், பக்கத்துக் காலி சீட்டைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். அவருக்குத் தமிழும் தெரியாது, வங்காளமும் தெரியாது. வேலைக்காரர் தயங்கி, பேன்ட்டைக் காட்டினார். பாட்டி மறுபடியும் தட்டினார், கொஞ்சம் அதட்டலாக. அவர் உட்கார்ந்தார். அதன் பிறகு அந்தப் பாட்டி அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நன்றி சொல்ல வேண்டிய சங்கடத்தைக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை.

நம் பாஷையில் இதற்கு ஏற்கெனவே வார்த்தை இருக்கிறது. 'பார்' என்பது ஒரு சொல். அதிலிருந்து இரண்டு கிளை. 'பார்த்துக்கிட்டு இருந்தான்' என்றால் கைகட்டி நின்றான் என்று அர்த்தம். 'பார்த்துக்கிட்டான்' என்றால் காப்பாற்றினான், கவனித்துக்கொண்டான் என்று அர்த்தம். வெளிநாடு கிளம்புகிற பிள்ளையிடம் அம்மா 'ஒடம்பைப் பார்த்துக்க' என்கிறாள். ஊரில் விட்டுப்போகிற அப்பாவைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் 'கொஞ்சம் பார்த்துக்கங்க' என்கிறோம். கண்ணால் பார்ப்பதையும் பொறுப்பு எடுப்பதையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறார்கள் நம் ஆட்கள்.

சென்னையிலும் மெட்ரோ வந்து வருடங்கள் ஆகிவிட்டன. 2015 ஜூன் 29-ம் தேதி கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு ஓட ஆரம்பித்தது. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று அதில் வாய்மூடிப் பயணம் செய்கிறார்கள். நாளைக் காலை அதில் நீங்கள் ஏறும்போது தாராளமாக வேடிக்கை பாருங்கள். முகங்களைவிடச் சுவாரஸ்யமான புத்தகம் எதுவும் இல்லை. கதை கட்டாமல் இருக்க முடியாது, கட்டுங்கள். ஆனால், கட்டிய கதையைப் பென்சிலால் எழுதிவையுங்கள், அழிக்கிற மாதிரி.

கம்பியைப் பிடித்திருக்கிற ஒரு கை நடுங்குகிறதா, யாராவது வியர்த்து வெளிறிப் போயிருக்கிறாரா, ஒரு பெண் யாரிடமிருந்தோ விலகி விலகி நகர்கிறாளா என்பதையும் அந்தக் கண்ணாலேயே பாருங்கள். அப்படி ஒன்று பட்டால், அவர் யார் என்று யோசிக்க வேண்டாம். எழுந்துபோய், "என்னங்க, ஏதாவது வேணுமா?" என்று கேளுங்கள்.

'ஒண்ணும் வேண்டாம்' என்று பதில் வரலாம். வந்தால் நல்லது. உங்கள் இடத்துக்குத் திரும்பி வந்து உட்காருங்கள். வேறு எதுவும் கேட்க வேண்டாம்.